செஞ்சிக்குப் போய் ஒரு கையெழுத்துப் போட்டேன்

ஒரே ஒரு கையெழுத்துக்காகப் பூமியின் அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி வந்தேன். கம்ப்யூட்டரில் போட்டு அனுப்புகிறேன் என்றேன், செல்லாது என்றார்கள். தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புகிறேன் என்றேன், அதுவும் செல்லாதாம். "செயலர் நேரில் வரணும்." அவ்வளவுதான் பதில்.

என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், போன சித்திரையில் காலமானார். செஞ்சியிலிருந்து வல்லம் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி ஓர் ஊர். அங்கிருக்கும் தொடக்கப் பள்ளிக்கு அவர்தான் செயலர். தாத்தா கூரை போட்டு ஆரம்பித்த பள்ளி அது. அரசு உதவி பெறும் பள்ளி என்று பலகையில் எழுதியிருக்கும். கட்டடமும் நிர்வாகமும் எங்கள் கல்விச் சங்கத்தினுடையது. வாத்தியார் சம்பளம் அரசாங்கத்தினுடையது. நைனா போனதும் சங்கத்தார் கூடி என்னைச் செயலர் ஆக்கிவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல நான் ஊரில் இல்லை.

செயலர் இல்லாத பள்ளியில் ஒரு காகிதமும் நகராது. அப்படி நகராமல் கிடந்த காகிதங்களில் கலைச்செல்வியுடையதும் ஒன்று. ஆறு வருடமாக எங்கள் பள்ளியில் பாடம் நடத்துகிறாள். காலியான இடத்தில் நைனா முறைப்படி நியமித்தார். அரசு ஒப்புதல் இன்னும் வரவில்லை. ஒப்புதல் வராமல் சம்பளம் வராது. நைனா தன் பென்ஷனிலிருந்து கொஞ்சம் கொடுத்து ஓட்டினார். இப்போது அவரும் இல்லை, பென்ஷனும் இல்லை. நான் போய் நின்று கையெழுத்துப் போட்டால் அவள் ஃபைல் நகர்ந்துவிடும் என்று நம்பித்தான் விமானம் ஏறினேன். பிழைக்கத் தெரிந்தவள் என்று என்னைப்பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. இதைப் படித்த பிறகு அதை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ராஜகிரிக் கோட்டைப் பக்கம் போகிற ஆட்டோக்களில் காவிக்கொடி கட்டிய வடக்கத்திக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மராட்டியர் ஆண்ட கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்று இப்போதுதான் அங்கீகாரம் கிடைத்திருக்கிறதாம். லாட்ஜ்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "மேடம் நீங்களும் கோட்டை பாக்கத்தான் வந்தீங்களா?" என்றார். "இல்லை, ஸ்கூல் பாக்க" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். பாறைக் குவியலுக்கு அங்கீகாரம் ஒரே தடவையில் கிடைத்துவிடுகிறது. எங்கள் பள்ளிக்கு மூன்று வருடத்துக்கு ஒரு தரம் தீயணைப்பு, சுகாதாரம், கட்டட உறுதி என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிப் புதுப்பிக்கவேண்டும்.

திங்கட்கிழமை காலை டவுன் பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்கு இலவசம். அமெரிக்காவில் சம்பாதிக்கிறவளுக்கு எதற்கு இலவசம் என்று பத்து ரூபாயை நீட்டினேன். கண்டக்டர் கையை இழுத்துக்கொண்டார். "பொம்பளைங்ககிட்ட வாங்கக் கூடாதும்மா. நீ குடுத்தாலும் நான் வாங்க முடியாது. எந்த டிக்கெட்டுல எழுதுவேன்?" என்றார். பக்கத்தில் மல்லாட்டை மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "காசு அரிச்சா எங்கிட்ட குடு கண்ணு, நான் வாங்கிக்கறேன்" என்று சொல்ல, பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் மனசார சிரித்தது அது ஒன்றுதான்.

பாதி வழியில் பின் டயர் வெடித்தது. ஸ்டெப்னியும் பஞ்சர். டிரைவர் இறங்கி அதை ஒரு உதை உதைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். மல்லாட்டை அம்மா மூட்டையைப் பிரித்து வேகவைத்த கடலையை எல்லோருக்கும் ஒரு பிடி கொடுத்தார். அரை மணி நேரம் புளியமரத்தடியில் தின்றுகொண்டு நின்றோம். பிறகு ஒரு டிராக்டர்காரர் என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டார்.

உள்ளே அரசாங்கம் போடுகிற காலைச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ரவை உப்புமா, சாம்பார். இந்தத் திட்டம் நல்ல திட்டம், அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைமையாசிரியர் ஏகாம்பரம் சார் எனக்கும் ஒரு தட்டு வைத்தார். நைனாவோடு இருபது வருடம் வேலை பார்த்தவர். "அரசி, இளைச்சிட்டியேம்மா. அங்க இன்னாதான் துன்ற?" என்றார். ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன். உப்புமா சூடாக இருந்தது.

கலைச்செல்வி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். அவள் அப்பா அம்மா இந்த ஊரில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. தகுதித் தேர்வும் எழுதித் தேறியவள். "வாங்க மேடம்" என்றாள். ஒரு பேப்பர் கேட்டால் அலமாரியைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கிறாள். பள்ளியின் கடிதங்கள் எல்லாம் அவள் கையெழுத்தில்தான் இருந்தன. சம்பளம் வாங்காதவள் மூன்று பேர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. "இந்த வாரம் முடிச்சிடலாம் கலை, கவலைப்படாதே" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவைத்தேன். அந்த வாயை இப்போது நினைத்தாலும் ஓர் அறை விடத் தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை நானும் ஏகாம்பரம் சாரும் கல்வி அலுவலகத்துக்குப் போனோம். எந்த ஊர் அலுவலகம் என்பது வேண்டாம். அங்கிருந்த அதிகாரி தங்கமான மனிதர். உட்காரச் சொன்னார், மோர் வரவழைத்தார், என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், நான்கு இடத்தில் கையெழுத்து வாங்கினார். "உங்க செயலர் ஆர்டர் நாளைக்கே வந்துடும்மா" என்றார். திட்டுவதற்குத் தயாராகப் போனவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"கலைச்செல்வி டீச்சர் ஃபைல்?" என்று கேட்டேன்.

அவர் கம்ப்யூட்டரைத் தட்டினார். "ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி ஸ்டாஃப் ஃபிக்சேஷன் வருதும்மா. அன்னிக்கு உங்க ஸ்கூல்ல எத்தினி புள்ளைங்களோ, அதுக்கேத்த போஸ்ட்டுதான். அறுபது வரைக்கும் ரெண்டு பேர். அறுபத்தொண்ணு இருந்தாதான் மூணாவது ஆள்."

"அறுபத்துநாலு பேர் இருக்காங்களே."

"அம்பத்திரண்டுதான். மீதி பன்னெண்டு இங்கிலீஷ் மீடியம். அதை உதவிக்கு எண்ண மாட்டோம். பெர்மிஷன் லெட்டர்லயே எழுதியிருக்குமே. மூணாவது போஸ்ட் உபரின்னு போயிடும். போஸ்ட்டே இல்லாதப்ப ஒப்புதல் எப்படிம்மா தர்றது?"

ஏகாம்பரம் சார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இங்கிலீஷ் மீடியம் என் யோசனை. போன வருடம் தனியார் பள்ளி வேன்கள் ஊருக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன என்று நைனா போனில் புலம்பினார். "நீயும் இங்கிலீஷ் வை நைனா, பசங்க தானா வருவாங்க" என்றேன். பாடப்புத்தகம், படம், பாட்டு எல்லாம் அங்கிருந்தே அனுப்பினேன். பிள்ளைகளும் வந்தார்கள். அனுமதிக் கடிதத்தை நைனா போட்டோ எடுத்து அனுப்பி, "கீழே ஒரு நிபந்தனை இருக்குது, பாத்துச் சொல்லும்மா" என்று எழுதியிருந்தார். நான் ஏதோ மீட்டிங்கில் இருந்தேன். படிக்காமலே கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டேன். அலுவலக வாசலில் நின்று போனில் தேடி எடுத்தேன். கடிதமும் இருந்தது, அதன் கீழே என் கட்டைவிரலும் இருந்தது. "இப்பிரிவிற்கு எக்காலத்திலும் அரசின் நிதியுதவி கோரக்கூடாது." அழகான தமிழ், சந்தேகத்துக்கே இடமில்லை.

"போன வருஷம் அஞ்சாவதுல பசங்க நெறைய இருந்தாங்க, தப்பிச்சிட்டோம். இந்த வருஷம் அவங்கெல்லாம் பாஸாயிப் போயிட்டாங்க" என்றார் ஏகாம்பரம் சார்.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதா சார்?"

"நீ ஆசைப்பட்டு ஆரம்பிச்சது. எப்படிம்மா சொல்றது?"

இங்கிலீஷ் வகுப்பை நடத்தியது யார் தெரியுமா? கலைச்செல்வி. வேறு ஆள் ஏது? தன் வேலையைத் தின்னப்போகிற வகுப்பை அவளே ஏ, பி, சி, டி சொல்லி வளர்த்திருக்கிறாள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தோம். நான் டெட்ராய்ட் பக்கம் ஒரு சார்ட்டர் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் செஞ்சிப் பள்ளிக்கு அது தூரத்துச் சொந்தம்: பணம் அரசாங்கத்தினுடையது, நிர்வாகம் தனியார் கையில். ஆனால் அந்த மாநிலச் சட்டம் பணத்தைப் பிள்ளையின் முதுகில் கட்டி அனுப்புகிறது. பிள்ளை எங்கே போகிறதோ அங்கே பணமும் போகும். தமிழிலே நடத்து, தலைகீழாக நின்று நடத்து, தலை எண்ணிக்கைதான் பேச்சு. அக்டோபரில் ஒரு நாள் எண்ணுவார்கள். அன்றைக்கு ஒரு பிள்ளையும் லீவு போட்டுவிடக் கூடாது என்று பீட்சா வாங்கிப் போடுவோம், பரிசுச் சீட்டுக் குலுக்குவோம். கல்வித்துறை வல்லுநர்கள் அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதை ஏகாம்பரம் சாரிடம் சொன்னேன். "அப்ப உங்க ஊரு சட்டம் நல்ல சட்டம்னு சொல்லு" என்றார். அதெல்லாம் ஒன்றுமில்லை சார் என்றேன். எனக்கு வருடா வருடம் ஒப்பந்தம். ஜூன் மாதம் ஒரு மெயில் வந்தால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான், ஏன் என்று கேட்கக்கூட முடியாது. கட்டடத்துக்கென்று தனியாகப் பணம் கிடையாது. பழைய பர்னிச்சர் கடையில் பள்ளி நடக்கிறது. இங்கே ஒப்புதல் வந்துவிட்டால் ஓய்வு பெறும் வரை எவனும் அசைக்க முடியாது. ஏகாம்பரம் சார் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, "வந்துட்டா" என்றார்.

ஒன்பது பிள்ளைகள் தமிழ் வழிக்கு மாறினால் அறுபத்தொன்று. பெற்றோர் எழுதிக் கொடுத்தால் போதும். புதன், வியாழன் இரண்டு சாயங்காலமும் கலைச்செல்வியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வீடு வீடாகப் போனேன். அது மேட்டில் ஏறாது. ஒவ்வொரு மேட்டிலும் நான் இறங்கித் தள்ளினேன். சுதந்திரப் பள்ளியின் கணக்கு டீச்சர், உதவி பெறும் பள்ளியின் செயலர், மூச்சு வாங்க ஸ்கூட்டி தள்ளினாள்.

பெற்றோருக்குக் கலைச்செல்வி மேல் உயிர். "டீச்சருக்கு வேலை போவுதுன்னா இன்னாத்துக்கு மேடம் இங்கிலீஷு? குடுங்க, எழுதித் தரேன்" என்று ஓர் அம்மா மாவுக் கையோடு கையெழுத்துப் போட்டார். அப்படி எட்டுப் பேர். ஒவ்வொரு கையெழுத்தின்போதும் கலைச்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முருகன் என்பவர் மட்டும் மடக்கினார். நெல் லாரி ஓட்டுகிறவர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "போன வருசம் வீடியோல வந்து இங்கிலீஷ்ல சேருங்கன்னு சொன்னது நீங்கதான மேடம்?" என்றார்.

"ஆமாம்."

"இப்ப வாணாங்கறீங்க."

"நானும் இதே பள்ளிக்கூடத்துல தமிழ்ல படிச்சவதாங்க."

"சர்தான். உங்க புள்ள இன்னா மீடியத்துல படிக்குது?"

"அங்க தமிழ் மீடியம் இல்லைங்களே" என்றேன். எவ்வளவு மூளை பாருங்கள் எனக்கு. திண்டாடி வாய் திறந்தால் இதுதான் வந்தது. தெருவே சிரித்தது. முருகன் சிரிக்கவில்லை. "உங்க புள்ளைக்கு ஒரு நாயம், எங்க புள்ளைக்கு ஒரு நாயமா? டீச்சரு நல்லவங்க, இல்லங்கல. அதுக்கு எம்புள்ளதான் கெடைச்சுதா?" என்றார். அவர் பேச்சைக் கேட்டு இன்னும் மூன்று வீடுகள் மாட்டேன் என்றன. அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

வியாழக்கிழமை இருட்டுவதற்குள் பள்ளிக்குத் திரும்பினோம். ஐம்பத்திரண்டும் எட்டும் அறுபது. கணக்கு டீச்சர் ஆயிற்றே, மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

"அந்தக் காலமா இருந்தா பக்கத்து ஊருல ஒரு பேரைக் கடன் வாங்கிடலாம். இப்ப ஆதார் இல்லாம ஒரு பேரும் ஏறாது" என்றார் ஏகாம்பரம் சார். பிறகு தயங்கித் தயங்கி, "கலை, உம்பொண்ணு ரெண்டாவதுதான படிக்கறா?" என்றார்.

எனக்கு அதுவரை தெரியாது. கலைச்செல்வியின் மகள் செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறாள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சட்டப்படி ஒதுக்குகிற இலவச இடம். அவளுக்கான கட்டணத்தை அரசாங்கமே அந்தப் பள்ளிக்குக் கட்டுகிறது. அம்மா வேலை செய்கிற பள்ளியில் அம்மாவுக்குச் சம்பளம் தர அதே அரசாங்கத்துக்கு ஆயிரம் நிபந்தனை. மகளை வேறு பள்ளியில் இங்கிலீஷில் படிக்கவைக்கப் பணம் இருக்கிறது. எந்த மாநிலமாக இருந்தால் என்ன, சட்டம் எழுதுகிறவன் வீட்டுப் பிள்ளை இதில் எதிலும் இருக்காது.

"ஒரு டி.சி. வாங்கிட்டு வந்தா போதும். அறுபத்தொண்ணு ஆயிடும். ரிட்டயர்டு ஆவறவரைக்கும் உனக்கு உத்தியோகம்" என்றார் ஏகாம்பரம் சார்.

கலைச்செல்வி அந்த எட்டுக் கடிதங்களையும் அடுக்கி, குண்டூசி குத்தினாள்.

"வேணாம் சார். அந்த சீட்டை வுட்டா திரும்பக் கெடைக்காது."

"யோசிம்மா. ஆறு வருசம்."

"ஆறு வருசமா யோசிச்சிக்கினுதான் கீறேன் சார்." பிறகு என்னைப் பார்த்தாள். "மேடம், நீங்க சொல்லுங்க. உங்க பொண்ணா இருந்தா கூட்டிக்கினு வருவீங்களா?"

இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். "உன் இஷ்டம் கலை" என்றேன். கோழை.

வெள்ளிக்கிழமை ஆகஸ்ட் ஒன்று. காலையில் சாப்பாடு ஆனதும் தலை எண்ணினோம். பீட்சா இல்லை, பரிசுச் சீட்டு இல்லை, ஆனாலும் ஒரு பிள்ளைகூட லீவு போடவில்லை. ஏகாம்பரம் சார் கணக்கை இணையத்தில் ஏற்றினார். தமிழ் வழி அறுபது. இரண்டு பணியிடம். மூன்றாவது உபரி. முடிந்தது.

மாவுக் கையோடு கையெழுத்துப் போட்ட அம்மா பத்து மணிக்கு வாசலில் வந்து நின்றார். "டீச்சருக்கு வேலை கெடைச்சிடுச்சா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "அப்ப எங்க புள்ளைங்கள இங்கிலீஷ்லயே போட்டுடுங்க" என்றார். "போடலாம்மா. ஆனா இங்கிலீஷ் நடத்த டீச்சர் இல்லை" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்குத்தான் வந்தீங்க நீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்டது சத்தியமாக நியாயமான கேள்வி.

மத்தியானம் தபாலில் என் செயலர் நியமன ஒப்புதல் உத்தரவு வந்தது. கோபுர முத்திரை, பச்சை மையில் கையெழுத்து. ஆறு வருடம் காத்திருந்தவளுக்கு வரவில்லை, ஆறு நாள் இருந்துவிட்டுப் போகிறவளுக்கு வந்துவிட்டது.

பிள்ளைகள் போன பிறகு கலைச்செல்வி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "மேடம், எம்பொண்ணு படிக்கற ஸ்கூல்லயே ஒரு டீச்சர் போஸ்ட் இருக்குதாம். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. கம்மிதான், ஆனா மாசாமாசம் குடுப்பாங்க. இங்கேருந்து ரிலீவ் பண்ணதா ஒரு லெட்டர் வேணும். நீங்கதான் குடுக்கணும்."

எனக்கு ஆபீஸ் தமிழ் எழுத வராது. கணினியில் தட்டலாம் என்றால் கரண்ட் இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு முழித்தேன். "குடுங்க, நானே எழுதறேன்" என்று வாங்கிக்கொண்டாள். வெள்ளைத் தாளில் ஓரம் விட்டுக் கோடு போட்டாள். அனுப்புநர் என்று எழுதி அதன்கீழ் என் பெயர், பெறுநர் என்று எழுதி அதன்கீழ் தன் பெயர். "தங்கள் பணியிடம் உபரியானதால் இன்று பிற்பகல் முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்" என்று தனக்குத்தானே குண்டு குண்டான எழுத்தில், ஒரு பிழையில்லாமல் எழுதினாள். செயலர் என்று போட்ட இடத்தில் விரலை வைத்து, "இங்க போடுங்க மேடம்" என்றாள்.

போட்டேன். உத்தரவு வந்த பிறகு செயலராக நான் போட்ட முதல் கையெழுத்து அது. அதற்காகத்தானே அவ்வளவு தூரத்திலிருந்து வரவழைத்தார்கள். கீழே அமெரிக்கப் பழக்க தோஷத்தில் 8/1 என்று தேதி போட்டேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "மாசத்தை முன்னாடி போட்டுட்டீங்க மேடம்."

"அடிச்சு மாத்திடறேன் கலை."

"அடிச்சிருந்தா அங்க எடுத்துக்க மாட்டாங்க மேடம்" என்றாள். தாளை நான்காக மடித்துக் கிழித்தாள். வேறு தாள் எடுத்து, ஓரம் விட்டுக் கோடு போட்டு, அனுப்புநர் என்று முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள். நான் பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.